இடையில் விட்ட கலையை மீண்டும் பயிலல்

பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலெல்லாம் "விட்டுவிட்டேன்" என்னும் சொல்லைக் கேட்கின்றோம். ஒருவர் மாணவப் பருவத்தில் மிருதங்கம் வாசித்தவர்; மற்றொருவர் நீர்வர்ண ஓவியம் தீட்டியவர்; இன்னொருவர் சதுரங்கத்திற் கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கியவர். இன்று அவற்றைப்பற்றி வினவினால் மூவரும் ஒரே விடையையே சிறு நகையோடு கூறுவர். அந்நகைக்குள்ளே சிறிது துயரமும் உண்டென்பதை அவரோடு ஒரே வாங்கில் இருந்தவர் அறிவர். தொழில், குடும்பம், இடப்பெயர்வு, கடல்கடந்த வாழ்வு என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்து மனிதனுடைய நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. கலை எதனையும் கேட்பதில்லை. அது மூலையிற் போய் இருந்துவிடுகின்றது.

இளமையிற் பயின்று இடையில் விட்ட கலையொன்றை நாற்பது வயதுக்கு மேல் மீளத் தொடங்குவோர்க்கு எஞ்சியிருப்பது யாது, இழந்தது யாது, தொடங்குதற்குரிய முறை யாது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அறிஞர் ஆய்வுகள் சிலவற்றைத் துணைக்கொள்ளினும், எமது சொந்த அநுபவமே இதற்கு முதலாகும். ஆகவே அதனை முதலிற் கூறுதல் பொருந்தும்.

ஒரு வயலினின் வரலாறு

எமக்குப் பத்து வயதாயிருந்தபோது எம் தந்தையார் ஒரு போகப் புகையிலை விற்ற பணத்திற் பெரும் பங்கைக் கொடுத்து ஒரு வயலின் வாங்கித் தந்தார். அவர் அதனைப் பிடில் என்றே சொல்வார். தமக்கு இசை வராது என்றும், தம் வீட்டில் ஒருவருக்காவது அது வரவேண்டும் என்றும் அவர் அயலாரிடம் கூறியதை நாம் கேட்டதுண்டு. அது யாழ்ப்பாணத்திற் பொருளாதாரத் தடை நிலவிய காலம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கின் ஒளியிலே சுரதாளக் குறிப்பைப் பார்த்துச் சாதகம் செய்தோம். தந்தி ஒன்று அறுந்தால் மாற்றுத்தந்தி கிடைப்பதற்கு மாதங்கள் செல்லும். அதுவரை மூன்று தந்திகளிலே எது வாசிக்க முடியுமோ அதனை வாசிப்போம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என ஏறி, ஐந்தாம் ஆண்டில் வர்ணங்கள் சிலவற்றைக் கற்றிருந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் ஊரை விட்டுப் புறப்பட்டனர். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற அப்பெருங்கூட்டத்தில் எம் குடும்பமும் இருந்தது. துவிச்சக்கரவண்டியிலே அரிசி மூடையும் அம்மம்மாவின் மருந்துப் பையும் இருந்தன. வயலினுக்கு இடமில்லை. அதனை அலுமாரியின் மேலே வைத்துவிட்டு, இரண்டொரு நாளில் திரும்புவோம் என்ற எண்ணத்தோடு கதவைப் பூட்டினோம். மறுவருடம் சித்திரைக்குப் பின்னர் திரும்பியபோது கூரையின் ஒருபுறம் இல்லை. வயலினுடைய பெட்டி நனைந்து உப்பிக் கிடந்தது. கழுத்துப்பகுதி உடலினின்றும் கழன்றிருந்தது. தந்தையார் அதனைத் துடைத்து, சாக்கிற் சுற்றிப் பரணில் வைத்தார். நாம் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினோம்.

அதன்பின் ஆசிரியப் பணி, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி, தூரத்துப் பாடசாலைகளிற் சேவை, திருமணம், பிள்ளைகள் என ஆண்டுகள் சென்றன. தந்தையார் தம் இறுதிக்காலத்திலே ஒருநாள், "தம்பி, அந்தப் பிடிலை ஒருக்கா எடுத்துப் பார்க்கேல்லையோ?" என்று வினவினார். நேரமில்லை என்று கூறினோம். அன்று எம் மேசைமீது நாற்பது மாணவரின் கட்டுரைக் கொப்பிகள் திருத்துவதற்கு இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அவர் கேட்டது நேரத்தைப் பற்றியன்று என்பதை, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உணர்ந்தோம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின் காரணமாக ஊரடங்குச் சட்டம் நடைமுறையிலிருந்தபோது பரணைத் துப்புரவு செய்ய நேர்ந்தது. சாக்கை அவிழ்த்துப் பார்த்தோம். தளபாட வேலையில் வல்ல ஓர் அயலவர் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பசைதான் விட்டிருக்கு, பலகை வெடிக்கேல்லை" என்றார். வயலின் செய்வோர் அதன் பாகங்களை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தினாலேயே ஒட்டுவர். இவ்வொட்டு மரத்தினும் வலிமை குறைந்ததாக இருக்கும்படி வேண்டுமென்றே செய்யப்படுவது. ஈரத்தாலும் வெப்பத்தாலும் மரம் விரிந்து சுருங்கும்போது பலகை பிளவாமல், பொருத்துவாய் திறந்துகொள்ளும். திறந்த வாயை மீண்டும் ஒட்டலாம், பிளந்த பலகையைப் பழையபடி ஆக்குதல் அரிது. கழுத்தை ஒட்டி, உள்ளே வீழ்ந்து கிடந்த சிறு மரத்தூணை வயலின் வேலை அறிந்த ஒருவரைக்கொண்டு நிறுத்தி, குதிரையும் தந்திகளும் வருவித்து, வில்லுக்குப் புதிய குதிரைமயிர் கட்டி முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. 2021ஆம் ஆண்டு விஜயதசமியன்று, பாலர் ஏடு தொடக்கும் நாளில், இருபத்தாறு ஆண்டுகளின் பின் அதனைக் கையில் எடுத்தோம்.

கை மறவாமை

முதல்நாள் நாம் கண்ட வியப்பு ஒன்றுண்டு. தரையிற் சம்மணமிட்டிருந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின்மேல் தாங்கி, உடற்பகுதியை மார்போடு அணைத்தவுடன் இடக்கை தானே சென்று தன் இடத்தில் அமர்ந்தது. இரண்டாம் அலங்காரத்தின் சுரங்களை வாயாற் சொல்ல முயன்றபோது அவை நினைவுக்கு வரவில்லை. விரல்களோ தட்டுத்தடுமாறியேனும் அவற்றை வாசித்தன. நாம் மறந்ததை விரல் அறிந்திருந்தது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஜேர்மனிய உளவியலறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய ஆய்விலே ஓர் உண்மையை நிறுவினார். தாம் மனனஞ் செய்து முற்றாக மறந்துவிட்டதாகத் தோன்றிய சொற்றொகுதிகளை மீண்டும் கற்றபோது, முதன்முறை தேவைப்பட்ட நேரத்திலும் குறைந்த நேரமே தேவைப்பட்டது. குறைந்த அந்நேர அளவே உள்ளத்தில் எஞ்சியிருந்த பழைய கல்வியின் அளவாகும். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கற்று, இடையில் மீட்டுப் பாராதிருந்த செய்யுட் பகுதிகளிலும் இம்மிச்சம் இருந்ததை அவர் பிற்காலத்திற் கண்டார். மறதி என்பது அழிவன்று. வழி தூர்ந்து போதலே என இதனாற் கொள்ளலாம்.

செய்யுளைக் காட்டிலும் கைத்தொழில் ஆழமாகப் பதிகின்றது. ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு 1953ஆம் ஆண்டில் வலிப்பு நோயைத் தீர்க்கும்பொருட்டு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. கனடாவில் ஆய்வு செய்த பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர், கண்ணாடியில் தெரியும் விம்பத்தை மாத்திரம் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தைக் கோடிட்டு வரையும்படி அவரைப் பயிற்றினார். அடுத்தடுத்த நாட்களில் அதனைச் செய்தபோது, முன்னர் செய்த நினைவு அவருக்கு இல்லை. ஆயினும் அவருடைய கை நாளுக்குநாள் திருந்திற்று. நிகழ்ச்சிகளை நினைக்கும் நினைவு வேறு, செயலைப் பழகும் நினைவு வேறு என்பதும், பின்னது மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்து நிற்பது என்பதும் 1962இல் வெளியான இவ்வாய்வினால் தெளிவாயின. சிறுமூளைக்கு இவ்விரண்டாம் வகை நினைவிற் பெரும் பங்குண்டு. துவிச்சக்கரவண்டி ஓட்டக் கற்றவர் முப்பது ஆண்டுகளின் பின்னும் ஓட்டுவது இதனாலேயாம்.

இளமையிற் கற்பதன் பயனை மற்றோர் ஆய்வு காட்டுகின்றது. நாம் வயலினை அலுமாரியின்மேல் விட்டுச் சென்ற அதே 1995 ஒக்ரோபரில் தோமஸ் எல்பேர்ட் என்பாரும் அவருடைய குழுவினரும் நரம்புக்கருவி வாசிப்போரின் மூளையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாசிப்போருடைய இடக்கை விரல்களின் தொடுகையை உணரும் மூளைப்பகுதி, ஏனையோரிலும் மிகுதியாக விரிந்திருந்தது. இளவயதிலே தொடங்கியோர்க்கு அவ்விரிவு கூடுதலாக இருந்தது. எம் தந்தையார் கொடுத்த புகையிலைப் பணம் எங்கே சென்று சேர்ந்தது என்பதை இவ்வாய்வைப் படித்தபோது விளங்கிக்கொண்டோம். பெட்டி நனைந்தது, அம்முதலீடு நனையவில்லை.

செவியின் வயதும் கையின் வயதும்

இனி, இழப்பைப் பற்றிக் கூறவேண்டும். முதல்நாளின் வியப்பு மறுநாள் நீடிக்கவில்லை. வில்லைத் தந்தியில் இழுத்தபோது எழுந்த ஒலி, கீறலும் நடுக்கமும் உடையதாய், வீட்டிலுள்ளோர் ஒருவரையொருவர் பார்க்கும்படி இருந்தது. மீளத் தொடங்குவோரிற் பலர் இந்த முதல் மாதத்திலேயே மனமுடைந்து விலகுகின்றனர் என்பது எமது அவதானம். இதன் காரணத்தை அறிந்தவர் விலகார்.

கலையை விட்ட காலத்தில் கை உறங்கினாலும் செவி உறங்குவதில்லை. கோயிற் திருவிழாவில் நாதசுரம் கேட்கின்றோம். வானொலியிலும் இசைத்தட்டிலும் பெருவித்துவான்களைக் கேட்கின்றோம். எனவே நாற்பது வயதில் எம் செவி தேர்ச்சி பெற்றுவிடுகின்றது. கையோ பதினைந்து வயதில் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. சிறுவன் தன் பிழையை உணரான். ஆதலின் மகிழ்ச்சியோடு வாசிப்பான். முதியவன் ஒவ்வொரு பிழையையும் உணர்வான். அவனுக்கு ஏற்படும் வேதனை ஆற்றற் குறைவினால் வருவதன்று. இரசனை வளர்ந்தமையால் வருவது. இதனைத் தகைமைக் குறைவெனக் கருதாது, கை எட்டவேண்டிய இடத்தைச் செவி முன்கூட்டியே சென்று காட்டுகின்றது எனக் கொள்ளுதல் வேண்டும்.

வயலினில் இவ்வேதனை மிகுதி. வீணையிலே மெட்டுக்கள் உண்டு. ஹார்மோனியத்திலே கட்டைகள் உண்டு. வயலினிலே விரல் வைக்கும் இடத்தைக் காட்ட ஒன்றுமில்லை. முழு அளவு வயலினில் ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். திறந்த தந்தி ஷட்ஜமாயின், சுத்த ரிஷபத்துக்குரிய இடம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும். பஞ்சமம் தந்தியின் மூன்றிலொரு பங்கில், அதாவது 11 சென்ரிமீற்றரிற் பிறக்கும். மேலே செல்லச் செல்ல இடைவெளி குறுகும்; மேல் ஷட்ஜத்திலிருந்து அடுத்த ரிஷபத்துக்கு உள்ள தூரம் 9 மில்லிமீற்றர் மாத்திரமே. அங்கே 2 மில்லிமீற்றர் பிசகினாலும் தேர்ந்த செவி பொறாது. இத்துணை நுட்பமான அளவைக் கண் கற்பிக்க முடியாது. செவி கேட்டுத் திருத்த, விரல் மெல்ல மெல்லப் பழகுதலே வழி. ஆதலால் துன்பந்தரும் அச்செவியே எமக்கு வாய்த்த சிறந்த ஆசானுமாகும்.

உடலும் சில மாற்றங்களை அறிவிக்கும். நாற்பதைத் தாண்டியவர்க்கு வெள்ளெழுத்து வந்துவிடுவதால், மடிக்கு அப்பால் விரித்து வைத்த சுரக்குறிப்புத் தெளிவாகத் தெரியாது. அத்தூரத்துக்கென ஒரு கண்ணாடி செய்வித்தோம். விரல் நுனிகளிற் பழைய காய்ப்பு மறைந்திருக்கும். சில வாரங்களில் மீண்டும் உண்டாகும். தோளிலும் மணிக்கட்டிலும் தசைநார்கள் இளமையிற் போல் விரைந்து இணங்கமாட்டா. வலி எடுக்குமிடத்து அதனைப் பொறுத்துக்கொண்டு வாசித்தல் வீரமன்று, அறியாமையாம். கருவியைக் கீழே வைத்துக் கையை உதறி ஓய்வு கொடுத்து, மறுநாள் தொடர்தல் வேண்டும்.

தொடங்கும் முறை

எமக்கு வழிகாட்டும்படி இசையாசிரியை ஒருவரை நாடினோம். அவர் எம்மிடம் தமிழ் கற்ற மாணவி. பின்னர் இசையிற் பட்டம் பெற்று ஆசிரியையானவர். முன்பு கற்ற வர்ணமொன்றிலிருந்து தொடங்கலாம் என்பது எமது விருப்பம். அவர் ஒரு வரியைக் கேட்டார். பின்பு, "சேர், குறை நினைக்காதேங்கோ, சரளி வரிசையிலிருந்து வருவம்" என்றார். எமக்கு முகம் சிவந்தது. எத்தனையோ மாணவரிடம், இலக்கணப் பிழை மலிந்த கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, எழுத்திலிருந்து தொடங்கு என்று நாமும் கூறியிருக்கின்றோம். அச்சொல் கேட்போர் நெஞ்சில் எவ்வாறு இறங்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அவர் கூறியதே சரி. மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசைகள் புரந்தரதாசர் வகுத்தனவென மரபு கூறும். தொடக்கத்துக்கு அவ்விராகம் பொருத்தமானது. அதன் முற்பாதியிலுள்ள இடைவெளிகளே பிற்பாதியிலும் அமைந்திருத்தலின், ஒரு தந்தியிற் பழகிய விரலமைப்பு அடுத்த தந்திக்கும் அவ்வாறே உதவும். அவ்வரிசைகளை மூன்று காலங்களில் வாசிக்கும்போது வில், விரல், தாளம் மூன்றும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. சிறுவனுக்கு ஓராண்டு எடுத்த இப்பாடங்கள் எமக்குப் பத்து வாரத்தில் முடிந்தன. எபிங்ஹவுஸ் கூறிய மிச்சம் இதுவே. தொடக்கத்துக்குச் செல்லுதல் கீழிறங்குதலன்று. அத்திவாரத்தைத் தட்டிப் பார்த்தலாகும். தட்டிப் பார்த்தபோது, சிறுவயதில் வில்லை முறுகப் பிடித்த பிழை ஒன்று வெளிப்பட்டது. மீள்வோர்க்கு நல்ல பழக்கத்தோடு தீய பழக்கமும் மீள்வதனால், ஒரு தடவையேனும் பிறர் கண்ணுக்குமுன் வாசித்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, காலத்தைப் பற்றியது. சனிக்கிழமைகளில் மூன்று மணிநேரம் வாசிப்பதிலும் நாடோறும் இருபது நிமிடம் வாசித்தல் சிறந்தது. பயிற்சியைப் பிரித்துச் செய்தால் அது நிலைபெறும். கைப்பழக்கம் இரவு உறக்கத்திலே உறுதிப்படுகின்றது என்பதும் ஆய்வாளர் கண்டது. எமது இருபது நிமிடத்தை இவ்வாறு பகுத்தோம்: முதல் ஐந்து நிமிடம் திறந்த தந்திகளில் நீண்ட வில், அடுத்த பத்து நிமிடம் அன்றைய பாடம், சுருதியோடும் தாளத்தோடும், பிழையின்றி வாசிக்கத்தக்க வேகத்தில், இறுதி ஐந்து நிமிடம் மனத்துக்குப் பிடித்த ஒன்று, எவ்வாறு வரினும் வருக. கடைசி ஐந்து நிமிடத்தை நீக்கியவர் விரைவில் முழுவதையும் நீக்கிவிடுவர். சுருதிக்கெனத் தனிப்பெட்டி இல்லாதவர்க்குக் கைத்தொலைபேசியே அதனைத் தருகின்றது.

மூன்றாவது, முதியோர்க்குரிய பலத்தைப் பயன்படுத்தல். சிறுவனுக்கு விரல் இளகும். எமக்கோ விளக்கம் உண்டு. இராகங்களை வகுத்த 72 மேளகர்த்தாத் திட்டத்தைச் சிறுவயதில் மனனஞ் செய்தோம். இன்று அதன் தருக்கம் புரிகின்றது. தமிழாசிரியராகிய எமக்குச் செய்யுளின் சீரும் அசையும் தெரியும். ஆதலால் கீர்த்தனையில் எவ்வெழுத்தில் எடுப்பு விழுகின்றது, எங்கே நெடில் தாளத்தைத் தாங்குகின்றது என்பன எளிதிற் புலப்பட்டன. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலிற் பெற்ற அறிவை இவ்வாறே தம் கலைக்குத் துணையாக்கலாம்.

பியானோவும் பிறவும்

எம்மோடு படித்து இன்று ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் மாணவப் பருவத்திற் கூட்டுப் பிரார்த்தனைக்கு ஹார்மோனியம் வாசித்தவர். அவர் தம் மகளுக்கென வாங்கிய பியானோ, மகள் பல்கலைக்கழகம் சென்றபின் மூடிக்கிடந்தது. ஒரு பனிக்காலத்தில் அதனைத் திறந்து தாமே பயிலத் தொடங்கினார். பியானோவில் 88 கட்டைகள் உண்டு. சுருதி சேர்ப்பவர் வந்து சேர்த்துவிட்டால், கட்டையை அழுத்தியவுடன் தூய சுரம் பிறக்கும். வயலினைப்போல் ஒவ்வொரு சுரத்தையும் தேடவேண்டியதில்லை. எனவே எம்மைவிட அவர் எளிதாக முன்னேறுவார் என எண்ணினோம். அவரோ வேறொரு துன்பத்தை எழுதினார். ஹார்மோனியத்தில் வலக்கை கட்டைகளில் ஓட, இடக்கை துருத்தியை அசைக்கும். பியானோவிலே இரு கைகளும் வெவ்வேறு பணியை ஒரே நேரத்திற் செய்யவேண்டும். அவருடைய வலக்கை பழைய மாணவன். இடக்கை பாலர் வகுப்பில் அன்று சேர்ந்த பிள்ளை. ஒவ்வொரு கையையும் தனித்தனியே பழக்கி, பின்பு இரண்டையும் மிக மெதுவாக இணைக்கும் முறையாலே அவர் இவ்விடரைக் கடந்து வருகின்றார்.

பியானோ வித்துவான் ஆர்தர் ரூபின்ஸ்ரைன் (1887–1982) தொண்ணூறை நெருங்கும்வரை மேடையில் வாசித்தவர். முதுமையில் எவ்வாறு வாசிக்கின்றீர் என வினவப்பட்டபோது அவர் மூன்று உபாயங்களைக் கூறினார். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை மிகுதியாகப் பயின்றார். விரைவான பகுதி வருவதற்கு முன்னுள்ள பகுதியைச் சற்று மெதுவாக வாசித்தார். மெதுவின் பக்கத்திலே விரைவு இன்னும் விரைவாகத் தோன்றும் அல்லவா? பெருவித்துவானுக்கு உதவிய இவை எம்போன்ற எளியோர்க்கும் உதவும். சிலவற்றைத் தெரிதல், அவற்றை ஆழமாகப் பயிலல், உள்ள ஆற்றலைத் தக்க இடத்தில் வைத்தல் என்பன ஓவியத்துக்கும் தோட்டத்துக்கும் சதுரங்கத்துக்கும் நாட்டுக்கூத்துக்கும் பொருந்துவனவே. பத்து விளையாட்டிலும் பரிசு பெற்ற பழைய மாணவர் பத்தையும் ஒருங்கே மீட்க முயலவேண்டாம், ஒன்றைத் தெரிக.

நாணம் என்னும் தடை

இவையெல்லாவற்றிலும் பெருந்தடை நாணமே. இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று பிறர் கூறுவரோ என்னும் அச்சமே பரணிலுள்ள பல கருவிகளை அங்கேயே வைத்திருக்கின்றது. கிரேக்க ஞானி சோக்கிரதீஸ் முதிர்ந்த வயதில் கொன்னுஸ் என்பவரிடம் சிறுவரோடு சிறுவராக இருந்து யாழ் போன்ற நரம்புக்கருவியைப் பயின்றார். உடன் கற்ற சிறுவர் அவரைக் கண்டு நகைத்ததோடு, கொன்னுஸையும் கிழவர்களின் ஆசிரியர் என்று ஏளனம் செய்தனராம். இதனைச் சோக்கிரதீஸே கூறுவதாகப் பிளேற்றோ எழுதிவைத்துள்ளார். சிறுவர் நகைத்தனர் என்பதற்காக அந்த ஞானி வகுப்பை விட்டாரல்லர்.

எண்ணிப் பார்த்தால் வயலினே எமது இசைக்குப் பிந்தி வந்த கருவியாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய முறையில் அதனைக் கற்று எமது இசைக்கு இணக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதிற் பெற்ற தேர்ச்சியை மெச்சி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பிந்தி வந்தமையால் அக்கருவிக்கு இழுக்கு நேரவில்லை; இன்று அஃது இல்லாத கச்சேரி அரிது.

வாரந்தோறும் எம் மாணவியின் முன் தரையில் அமர்ந்தபோது முதலில் எமக்குக் கூச்சமே மிகுந்திருந்தது. சில வாரங்களில், "பிள்ளை" என்று அழைத்த வாய் "ரீச்சர்" என்று அழைக்கப் பழகிற்று. கற்போன் இடத்தில் இருத்தல் கற்பிப்போனுக்கு ஒரு மருந்து. எமது வகுப்பிற் பிந்தங்கிய மாணவனை நாம் நோக்கும் நோக்கு அதன்பின் மாறிற்று. அவனுடைய தயக்கத்தில் எமது வில்லின் நடுக்கத்தைக் கண்டோம்.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

விழாமலர் ஒன்றில் எழுதுகின்றோமாதலின் மூவகையினர்க்கும் ஒவ்வொரு சொல் கூறி முடிப்போம்.

மாணவரே, கையாற் செய்யும் கலையொன்றை இப்பருவத்திலே கற்றுக்கொள்ளுங்கள். பரீட்சைக்குக் கற்பது பரீட்சையோடு போவதுண்டு. விரல் கற்றது விரலோடு வரும். பின்னாளில் இடையே விட நேரினும், அது வைப்பிலிட்ட பொன்போல் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

ஆசிரியர்களே, பெற்றோரே, புலமைப்பரிசில் ஆண்டிலும் சாதாரணதர ஆண்டிலும் முதலில் வெட்டப்படுவது இசைவகுப்பும் ஓவியவகுப்புமே. நாமும் கணித பாடத்துக்கென அந்நேரத்தைக் கேட்டு வாங்கிய குற்றம் உடையோம். வாரத்தில் ஒரு மணிநேரமேனும் அறுபடாமல் விடுவோமாக. தூர்ந்த வழியைத் திறக்கலாம். இல்லாத வழியைத் திறக்க இயலாது.

பழைய மாணவரே, உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். மிருதங்கத்தின் வார் இற்றிருக்கலாம், வர்ணப்பெட்டி காய்ந்திருக்கலாம். அவற்றைத் திருத்துதற்கு ஆட்கள் இன்றும் உள்ளனர். எமது கல்லூரியின் களஞ்சிய அறையிலும் பழைய வாத்தியங்கள் சில உறையோடு கிடக்கின்றன. பழைய மாணவர் சங்கம் அவற்றைச் செப்பஞ்செய்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை மீளப் பயில்வோர்க்கென ஒதுக்குமாயின், இவ்விழாவின் நினைவாக நிற்கக்கூடிய நற்பணிகளுள் அதுவும் ஒன்றாகும். மேடையும் பாராட்டும் வேண்டா. பாயும் விளக்கும் போதும்.

எமது தேர்ச்சி எவ்வளவு என்று வினவுவோர்க்கு மறைக்காது கூறுகின்றோம். இவ்வாண்டு தந்தையாரின் திவசத்தன்று, விருந்தினர் சென்றபின், அவருடைய படத்தின் முன்னிருந்து ஒரு வர்ணத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தோம். சரணத்தில் இரண்டிடத்திற் பிழைத்தது. வாசித்து முடிந்ததும் சிறிதுநேரம் அவ்விடத்திலேயே இருந்தோம். மறுநாட் காலை அவ்விரண்டு இடங்களையும் மெதுவாக, முதலாம் காலத்தில், மீண்டும் தொடங்கினோம்.